பேய்க்கு நான் சொன்ன பதில்கள்

இயற்பியல் படித்தவர்களுக்குப் பேய் பயம் கிடையாது என்று நம்புகிறவர்கள், இயற்பியல் படித்த ஒருவரை ராத்திரி இரண்டு மணிக்கு மலை உச்சியில் தனியாகப் பார்த்ததில்லை. நான் எம்.எஸ்ஸி. இயற்பியல். அதிலும் ஒலியியல் தாளில் வகுப்பிலேயே நான்தான் முதல். (இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். தெரிந்ததும் சிரிக்காமல் இருந்தால் புண்ணியமாகப் போகும்.) அப்படிப்பட்ட நான், இருபத்தைந்தாவது வயதில், தொடர்ந்து மூன்று வாரம் ஒரு பேய் கேட்ட கேள்விகளுக்குப் பணிவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா தக்காளியும் மஞ்சளும் போடுகிறவர். படிப்பு முடிந்து நான் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, சித்தேரி மலைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம் நடத்திவந்த வானாய்வு மையத்தில் ஆய்வு உதவியாளர் வேலை கிடைத்தது. ராத்திரி வேலை என்றதும் அம்மா முகம் சுருங்கிவிட்டது. அப்பாதான், "நட்சத்திரம் பகல்லயா வரும்? போவட்டும் வுடு" என்று சொல்லி, மலைக்குப் போகிற பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டார்.

மையம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மலை முகட்டில் ஒரு வட்டக் கட்டடம். கீழ்த்தளத்தில் கம்ப்யூட்டர் அறை. மேல்தளத்தில் அரைக்கோளமாகக் கவிழ்ந்த தகரக் கூரைக்கு அடியில் ஒரு பெரிய வட்ட அறை. அந்தக் கூரையையும் அறையையும் சேர்த்து டோம் என்போம். நடுவில் ஆளை மறைக்கும் பருமனுள்ள கான்கிரீட் தூண், அதன்மேல் தொலைநோக்கி. கூரையில் ஒரு நீளமான திறப்பு இருக்கும். மோட்டாரைப் போட்டுக் கூரையைச் சுற்றினால் வேண்டிய பக்கத்து வானம் அந்தக் கீற்றில் வந்து நிற்கும். டோமுக்கு இரண்டு வழி. முன்பக்கம் கீழ்த்தளத்திலிருந்து ஏறும் படி. பின்பக்கம் ஒரு சின்னக் கதவும் வெளியே இறங்கும் இரும்புப் படியும். பின்கதவை யாரும் பயன்படுத்துவதில்லை என்று சொல்லியிருந்தார்கள்.

சொன்னவர் மையத்தின் தலைவர் வைகுந்தம் சார். ஐம்பத்தைந்து வயது, ஒல்லி, அதிர்ந்து பேசமாட்டார். டோமுக்குள் யாராவது தீக்குச்சி கிழித்தால் மட்டும் அவருக்குக் கொலை விழுந்த மாதிரி. "கேமராவுக்கு இருட்டுதாம்மா சாப்பாடு" என்பார். அதனால் டோமுக்குள் ஒரே ஒரு சிவப்பு விளக்கு, அதுவும் மேசையை விட்டு வெளியே எட்டாத வெளிச்சத்தில். கம்ப்யூட்டர் திரைமீதும் ஒரு சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும்.

தொலைநோக்கிப் படங்களைப் பதிவு செய்யும் இந்த வேலையை வழக்கமாகக் கீழ் அறையில் வசதியாக உட்கார்ந்து செய்யலாம். நான் சேர்வதற்கு ஒரு வாரம் முன்பு, தொலைநோக்கியிலிருந்து கீழே வரும் கேபிளை எலி கடித்துவிட்டது. புதுக் கேபிள் வரும்வரை கம்ப்யூட்டரை மேலே கொண்டுபோய், வளைந்த சுவரை ஒட்டி ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். முதுகுக்குப் பின்னால் முப்பதடி இருட்டு. நான் ஒரு தந்திரம் செய்தேன். கீழ் அறையில் டியூப் லைட்டை எரியவிட்டு, கதவைச் சாத்திவிட்டு மேலே போவேன். விடிகாலையில் இருட்டுக்குள் இறங்க வேண்டியதில்லை பாருங்கள். (இந்த ஒரு டியூப் லைட்தான் பின்னால் எல்லாக் கூத்துக்கும் காரணம்.)

முகட்டுக்குக் கீழே, இருநூறு படி தள்ளி, கேட். அங்கே ராத்திரிக் காவலுக்கு மாதையன் அண்ணன். மொரப்பூர்ப் பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும். நான் ஆறரைக்கே மேலே ஏறிவிடுவேன். அவர் பத்து மணிக்கு வருவார். விடிந்து நான் குவார்ட்டர்ஸுக்குப் போகும்போது கேட்டில் எழுந்து நின்று, "வணக்கம் மேடம்" என்று மலை அதிரச் சொல்வார். எங்களுக்குள் அவ்வளவுதான் பழக்கம்.

நான்காவது ராத்திரி. மேகம் எங்களுக்குக் கீழே படிந்திருந்தது. மலைகளின் உச்சிகள் மட்டும் தீவுகளைப் போல அதன்மேல் மிதந்தன. மேலே வானம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். குளிரில் தகரக் கூரை சுருங்கி, எங்கோ ஓர் இடத்தில் யாரோ விரலால் தட்டுவது போல 'டிக்' என்றது. கொஞ்சம் பொறுத்து வேறோர் இடத்தில் 'டிக்'. இது எதனால் என்று எனக்குத் தெரியும். பாடப்புத்தகத்தில் இருக்கிறது. தெரிந்தும், ஒவ்வொரு தட்டலுக்கும் கால்களை நாற்காலிமீது தூக்கி வைத்துக்கொண்டேன்.

மணி இரண்டு. ஏதோ எண்களைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

"சாப்ட்டியா?"

காதுக்குப் பக்கத்தில் அல்ல, காதுக்குள்ளேயே கேட்டது. ரகசியம் பேசுகிற குரல். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத வெறும் மூச்சு. பேசியவரின் உதடு என் காது மடலில் படாமல் அவ்வளவு கிட்டத்தில் அந்தச் சொல் வந்திருக்க முடியாது.

"சாப்ட்டேன்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நம் ஊர் வாய் தானாகத் திறந்து பதில் சொல்லிவிடும். சொல்லி முடித்த பிறகுதான் உடம்பு விறைத்தது. மெதுவாகத் திரும்பினேன். சிவப்பு விளக்கின் வட்டம், என் பை, தண்ணீர்ப் பாட்டில். அதற்கு அப்பால் தூணின் கருப்பு. யாரும் இல்லை. காதுக்குள் மட்டும் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

விடியும்வரை நான் எழுந்திருக்கவில்லை. (எந்தக் காரணத்துக்கும் எழுந்திருக்கவில்லை. அந்த அவஸ்தையைத் தனியாக எழுத வேண்டும்.)

அது கனவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் ராத்திரி அதே இரண்டு மணி.

"சாப்ட்டியா? என்ன சாப்ட்ட?"

பதில் சொல்லாவிட்டால் அதற்குக் கோபம் வந்துவிடுமோ என்று தோன்றியது. "உப்புமா" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து, "அய்யோ" என்று சன்னமாக ஒரு முனகல். என் உப்புமாவைக் கேட்டு எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அதன்பின் மேகமில்லாத ஒவ்வொரு ராத்திரியும் இரண்டு மணிக்கு அது வந்தது. நான் சொல்லும் பதில்களை அது ரசிக்கவில்லை என்று தெரிந்தது. பதில் வந்ததும் நின்றுவிடும். சில நாள் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் அது பாட்டுக்குப் பேசும். "காலு வலிக்குதா?" என்று கேட்கும். எனக்கு உண்மையிலேயே வலிக்கும். "தூங்கிடாத, பாத்துக்கினே இருப்பாங்க" என்னும். யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லாது. பதினைந்தாவது நாளோ பதினாறாவது நாளோ, வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னது:

"சீக்கிரம் வந்துடு. இங்க நான் ஒண்டியா கெடக்கறேன்."

மேசைமீது வைத்திருந்த என் கை எனக்கே வேறு யாருடையதோ போலத் தெரிந்தது.

அன்று காலை கேட்டில் நின்றேன். "அண்ணா, ராத்திரியில மேல யாராவது வருவாங்களா?" என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

மாதையன் அண்ணன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கியது. "மேலயா? மேல யாரும் இல்லீங்க மேடம். யாருமே இல்லீங்க." சுற்றிலும் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார். "நீங்க ராத்திரியில டோமுக்குப் போயிடாதீங்க. கீழ ரூம்லயே இருந்துக்கோங்க. ஏன் மேடம், எதுனா சத்தம் கேட்டீங்களா?"

"இல்லண்ணா. சும்மா கேட்டேன். நீங்க?"

"நானுங்களா? இல்லீங்க. எனக்கு என்னாத்துக்குங்க கேக்குது?"

இரண்டு பேரும் பொய் சொன்னோம். எம்.எஸ்ஸி. படித்துவிட்டுப் பேய் என்று சொல்ல எனக்கு வெட்கம். அவருக்கு என்ன காரணம் என்று அப்போது தெரியாது. ஆனால் அடுத்த நாள் அந்தப் பின்கதவின் பிடியில் மஞ்சள் கயிறு ஒன்று கட்டியிருப்பதைப் பார்த்தேன். அதற்கடுத்த நாள் இரும்புப் படியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம், நான்கு துண்டாக. மலையில் எல்லாருக்கும் இது தெரிந்திருக்கிறது, என்னிடம் மட்டும் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

இந்த நிலையில்தான் வைகுந்தம் சார் என்னை அழைத்து உட்காரவைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததில்லை. சூரியனைச் சுற்றும் ஒரு சிறுகோள், அந்த வெள்ளிக்கிழமை பின்னிரவு இரண்டு பதினேழுக்கு, ஒரு நட்சத்திரத்துக்கு நேர் குறுக்கே போகப்போகிறது. நாலைந்து நொடிக்கு நட்சத்திரம் மறைந்து திரும்பி வரும். அந்த நொடிகளைச் சரியாக அளந்தால் சிறுகோளின் அகலம் தெரிந்துவிடும். நிழலின் நடுக்கோடு எங்கள் மலைமீது போகிறது.

"நான் சின்னத் தொலைநோக்கியை எடுத்துக்கிட்டு மொரப்பூர்கிட்ட ஒரு வயல்ல நிக்கப்போறேன். அங்கேயும் ஒரு கணக்கு கிடைச்சா நல்லது. பெரிசை உன்கிட்ட விடறேன், ரோஸ்லின். ரெண்டு அஞ்சுக்குப் பதிவை ஆரம்பிச்சுடு. கேமராவோட சேர்ந்து மேசை மைக்கும் ஓடும். நட்சத்திரம் மறையுற நொடியில 'போச்சு'ன்னு வாயால சொல்லு. திரும்பி வந்ததும் 'வந்துச்சு'ன்னு சொல்லு. கேமரா கடிகாரம் தப்பினாலும் உன் குரல் இருக்கும். இதே நட்சத்திரம் இதே மாதிரி நம்ம ஆயுசுல இன்னொரு தடவை கிடைக்காது."

சரி என்றேன். வேறென்ன சொல்வது. அந்த வாரம் வீட்டுக்குப் போய், மாதா கோயிலிலிருந்து அம்மா வாங்கி வைத்திருந்த தீர்த்தத்தைச் சின்னப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டேன். "எதுக்குடி?" என்றாள் அம்மா. "லென்ஸ் துடைக்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை. மேகம் கீழே தடித்துக் கிடந்தது. மேலே வானம் கண் கூசும்படி தெளிவு. ஒன்றே முக்காலுக்கு நட்சத்திரத்தைத் திரையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். ஜெபமாலை ஒரு கையில். தீர்த்தப் பாட்டில் மடியில். மணி இரண்டு. குரல் வரவில்லை. இரண்டு மூன்று, இரண்டு நான்கு. இரண்டு ஐந்துக்குப் பதிவைத் தொடங்கினேன். இன்று வராது என்று மூச்சு விட்டேன்.

அப்போது வாசனை வந்தது. சாம்பிராணி. பூட்டிய டோமுக்குள், எங்கிருந்து என்று தெரியாமல், சாவு வீட்டில் வருகிற அதே சாம்பிராணி. சிவப்பு வெளிச்சத்தில் ஒரு இழை புகை மிதந்து போனதை என் கண்ணால் பார்த்தேன்.

"யாரு நீ?" என்றது குரல். இத்தனை நாள் இருந்த கனிவு அதில் இல்லை.

பாட்டிலைத் திறந்து சுவரில் தீர்த்தத்தைத் தெளித்துவிட்டு, சின்ன வயதில் அம்மா சொல்லித் தந்தபடி தைரியத்தைக் கூட்டிச் சொன்னேன். "ஏசு சாமி பேரால கேக்கறேன். நீ யாரு?"

ஏமாற்றமாக, "நீ கிறிஸ்டியனா?" என்றது.

"ஆமா."

"எந்த ஊரு?"

"கடத்தூர் பக்கம்."

"எத்தன நாளா இங்க இருக்கற?"

"மூணு வாரமா."

"எப்டி செத்த?"

எனக்குப் புரியவில்லை. "நான் சாகலியே" என்றேன்.

"எல்லாம் அப்டித்தான் சொல்லும்" என்றது குரல். அதில் ஒரு பரிதாபம் இருந்தது.

அந்தப் பரிதாபம்தான் என்னைக் கொன்றது. மூன்று வாரமாக இந்த மலையில் யார் முகத்தையும் பார்த்து நான் நாலு வார்த்தை பேசியதில்லை. பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் இருட்டு. வந்த அன்று அந்த மலைப்பாதையில் பஸ் ஒரு வளைவில் பலமாகக் குலுங்கியது ஞாபகம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், விரலை மணிக்கட்டில் வைத்து நாடி பார்த்தேன். ஓடியது. ஓடுவதாக நான் நினைத்துக்கொள்கிறேனோ என்று அதன்மேலும் ஒரு சந்தேகம்.

"உனக்கு என்ன வேணும்? கேளு, குடுத்துடறேன். வாங்கிக்கினு போயிடு" என்றது குரல்.

எனக்கு வேண்டியது அந்த நேரத்தில் ஒன்றே ஒன்றுதான். "ரெண்டு பதினேழு வரைக்கும் என்ன சும்மா வுடு" என்று கெஞ்சினேன்.

"ரெண்டு பதினேழுக்கு என்னா?"

"ஒரு நட்சத்திரம் அணைஞ்சிடும்."

குரல் அத்தோடு நின்றது. தகரம் ஒரு முறை 'டிக்' என்றது. பிறகு டோமின் மறுகோடியில் 'படார்' என்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு அணைந்தது. தொலைநோக்கியின் மோட்டார் முனகல், அது ஓடுகிறது என்பதே அதுவரை என் காதில் உறைத்ததில்லை, சட்டென்று நின்று போனது. அப்படி ஒரு நிசப்தத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை.

கம்ப்யூட்டரும் கேமராவும் மட்டும் யு.பி.எஸ்.ஸில் ஓடின. திரையில் என் நட்சத்திரம் நகர ஆரம்பித்தது. நடுவிலிருந்து மெல்ல, ஒரே சீராக, ஓரத்தை நோக்கி. யாரோ அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பேய் என் நட்சத்திரத்தைக் கொண்டுபோகிறது என்றே நினைத்தேன். அரை நிமிடம் கழித்துத்தான் படித்த படிப்பு எட்டிப் பார்த்தது. மோட்டார் நின்றால் தொலைநோக்கி பூமியோடு சுற்றும். நட்சத்திரம் தப்பித்துப் போகும். யாரோ மெயின் சுவிட்சை இறக்கியிருக்கிறார்கள். மெயின் சுவிட்ச் இருப்பது பின்கதவுக்குப் பக்கத்தில். அதாவது அந்தப் 'படார்' சத்தம் வந்த இடத்தில்.

மணி இரண்டு பதினான்கு.

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல் இதுதான், இதுவும் உருப்படவில்லை. மொரப்பூர் வயலில் கொட்டும் பனியில் நின்றுகொண்டிருக்கும் வைகுந்தம் சாரை நினைத்துக்கொண்டேன். எழுந்தேன். ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, இன்னொரு கையால் தீர்த்தத்தை முன்னால் தெளித்துக்கொண்டு இருட்டுக்குள் நடந்தேன். "அருள் நிறைந்த மரியே" பாதிக்குமேல் நினைவுக்கு வராமல் முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொன்னேன். தூணைத் தாண்டினேன். சாம்பிராணி மூக்கில் ஏறியது. கை நீட்டிச் சுவிட்சைத் தேடினேன். என் விரல்கள் ஒரு முகத்தைத் தொட்டன.

ஈரமான, மீசை வைத்த, மூச்சு விடுகிற முகம்.

நான் கத்தினேன். முகமும் கத்தியது. ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டு ஓடப் பார்த்ததில் இரண்டு பேரும் ஒரே பக்கம் ஓடி, மோதி, தரையில் விழுந்தோம். அப்போது அந்த உருவத்தின் சட்டைப் பையில் வெளிச்சம் எரிந்து செல்போன் அடித்தது. விழுந்த வேகத்தில் பொத்தான் அமுங்கி, ஒரு பெண் குரல் டோம் முழுவதும் ஒலித்தது.

"ஏங்க, மணி ரெண்டேகாலு ஆவப்போவுது. இன்னிக்கி போன் பண்ணாம என்னா பண்றீங்க?"

போனின் வெளிச்சத்தில், நெற்றி நிறைய விபூதியும் கையில் வேப்பங்கொத்துமாக, மாதையன் அண்ணன்.

"மேடம்," என்றார். "நீங்க எப்பங்க செத்தீங்க?"

மூன்று நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடவில்லை. ஆனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் மனைவி ஓசூரில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். அங்கேயே விடுதியில் தங்கல், வாரக் கடைசியில்தான் வீடு. இரண்டு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. முகட்டில் போன் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் டோமின் பின்கதவை ஒட்டிய மூலை. கேட்டை விட்டு வரக் கூடாது, டோமுக்குள் போன் கூடவே கூடாது என்பதால் இவர் சுவரோடு ஒட்டி நின்று, ரகசியமாக மனைவியிடம் சாப்பிட்டாயா என்று கேட்பார். மனைவி போனில் புளிசாதம் என்பார். சுவர் உப்புமா என்றது. நான் மேலே இருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கீழ் அறையில் லைட் எரிந்துகொண்டிருந்ததே. தூணுக்கு அப்பால் அவ்வப்போது அசையும் சிவப்பு வெளிச்சத்தை வேறு பார்த்திருக்கிறார். போன் பேசுவதை நிறுத்தியிருக்கலாமே என்று பின்னாளில் கேட்டேன். "நான் வரலன்னா அது கேட்டுக்கே தேடிக்கினு வந்துடுமோன்னு பயமுங்க" என்றார். கயிறும் எலுமிச்சம்பழமும் அவர் போட்டவைதான். கடைசியில் ஒரு பூசாரி, அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ அதை அறுத்துவிடு என்று சொல்லியிருக்கிறார். நட்சத்திரம் அணையும் என்று நான் சொன்னதும், அணைகிறது என்றால் அது பிடித்துக்கொண்டிருப்பது கரண்ட்தான் என்று மாதையன் அண்ணனுக்கு விளங்கிவிட்டது.

சுவிட்சைப் போட்டுவிட்டு மேசைக்கு ஓடினேன். திரையில் வெறும் இருட்டு. தொலைநோக்கி தான் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதையே மறந்துபோயிருந்தது. மூலையில் கடிகாரம் இரண்டு பதினேழைத் தொட்டது.

"அய்யோ, போச்சு" என்றேன்.

காலை ஏழு மணிக்கு ஜீப்பில் வைகுந்தம் சார் வந்தார். கால்சட்டை முழங்கால்வரை சேறு. "கீழ ஒரே மேகம், ஒண்ணும் கிடைக்கலை. உன்னைத்தான் நம்பி வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். என் முகத்தைப் பார்த்தவர், பதிவை ஓடவிட்டார்.

படத்தில் கடைசி நாலு நிமிடம் ஒன்றுமே இல்லை. ஒலி மட்டும் கண்ணாடி மாதிரி. என் மேசைச் சுவரை ஒட்டியிருந்த மைக், இரண்டு குரல்களையும் ஒரு எழுத்து விடாமல் பிடித்திருந்தது. சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எல்லாம் அப்டித்தான் சொல்லும்" வந்த இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, இன்னொரு முறை கேட்டார். கடைசியில் என் "போச்சு" வந்தது. கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரத்தை மட்டும் சரியாச் சொல்லியிருக்கே" என்றார்.

பின்னால் மாதையன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. "நான்தான் சார் அவரை மேல கூப்பிட்டேன்" என்றேன்.

"கூப்பிட்ட ஆளைத்தான் யாருன்னு கேட்டியா?"

அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. எழுந்து போய்ப் பின்கதவு மூலையில் சுவரைப் பார்த்து நின்றார். என்னை மேசையில் உட்காரச் சொன்னார். முப்பதடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவரின் மூச்சு என் காதுக்குள் வந்து பேசியது. "வளைஞ்ச சுவர். சத்தம் சுவரோட ஒட்டிக்கிட்டே ஓடி இங்கேர்ந்து அங்கே வருது. ஒலியியல்ல முதல் மார்க்னு உன் விண்ணப்பத்துல பார்த்த ஞாபகம்."

தரை பிளக்கவில்லை. நான் எதிர்பார்த்தேன்.

திரும்பி வந்தவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "பதினொரு வருஷமா ராத்திரியெல்லாம் இங்க இருந்திருக்கேன். எனக்கு இது தெரியவே இல்லை பார்" என்றார். "அந்தப் பக்கம் பேச ஆள் இருந்தாத்தானே." அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். இதைச் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

வேலை போகவில்லை, இரண்டு பேருக்கும். கேட் பக்கம் சிக்னல் கிடைக்கும்படி ஒரு ஆன்டெனா வைக்க ஏற்பாடு ஆனது. மாதையன் அண்ணனின் மனைவி மட்டும் இன்றுவரை சமாதானம் ஆகவில்லை. பேய் என்று நினைத்துத்தான் பேசினேன் என்று அவர் சொல்வதை அந்த அக்கா ஒப்புக்கொள்வதில்லை. "பேய்கிட்ட யாராச்சும் எந்த ஊருன்னு கேப்பாங்களா, நீயே சொல்லு ரோஸ்லின்" என்று பார்க்கும்போதெல்லாம் என்னிடமே நியாயம் கேட்கிறார்.

ஒரு வாரம் கழித்து சார் ஒரு படிவத்தை என்முன் வைத்தார். பல நாட்டு மையங்களின் அளவுகளைத் தொகுப்பவர்களுக்கு அனுப்ப வேண்டியது. அளவு கிடைக்காதவர்கள் காரணத்தை எழுத ஒரு சின்னக் கட்டம். "நீயே எழுது. பொய்யா இருக்கக் கூடாது. முழுசும் எழுதவும் வேண்டாம்" என்றார். ஒரு மணி நேரம் யோசித்து ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை எழுதினேன். தமிழில் அதற்கு 'உள்ளூர் இடையூறு' என்று அர்த்தம். சார் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றுதான் அவர் சிரித்ததைப் பார்த்தேன். தொடங்கியவரால் நிறுத்த முடியவில்லை.

நான் செய்த தவறு, அதை வீட்டில் சொன்னது. அந்த வருடம் தக்காளி விலை விழுந்ததற்கு அப்பா சொன்ன காரணம் உள்ளூர் இடையூறு. என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வேன் வழியில் பஞ்சராகி ஒரு மணி நேரம் தாமதமானபோது, என் தம்பி மண்டப மைக்கில் காரணத்தை அறிவித்தான். கூட்டத்தில் எங்கள் ஜனம் மட்டும் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் தங்களைத்தான் சொல்கிறான் என்று முறைத்தார்கள். அதைச் சரிசெய்ய முழுக் கதையையும் பந்தியில் சொல்ல வேண்டியதாயிற்று. அதிலிருந்து இரண்டு குடும்பத்திலும் இதுதான் பேச்சு.

இப்போது நான் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். போன மாதம் நான்காவது படிக்கும் என் மகள் அறிவியலில் குறைந்த மதிப்பெண் வாங்கி வந்தாள். காரணத்தை எழுதிப் பெற்றோர் கையெழுத்து வாங்கிவரச் சொல்லி ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அவளே இரண்டே வார்த்தையில் எழுதி முடித்து, பேனாவையும் சேர்த்து என்னிடம் நீட்டினாள். நான் எடுத்துச் சொல்ல வாய் திறந்தேன். சமையலறையிலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்தார்.

பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.